கோவையில் உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?

கடிகாரம், பஞ்சாங்கம், சூரியன், நிலா பற்றிக் கொங்கு மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

தோட்டத்துல போர் மோட்டாருக்கு சோலார் பேனல் போட்டிருக்கறனுங்க. மாசி மாசம் மீட்டரைப் பார்த்தா 12 மணிக்கு உச்சத்துக்கு வர்றதில்ல, 12.35 ஆயிருது. பேனல் மேக்கால திரும்பிருச்சுன்னு எலக்ட்ரீசியன் சொல்றாரு. கழட்டி மாட்டோணுமா?
– பொள்ளாச்சி வாசகர்

கழற்ற வேண்டாம். உங்கள் பேனல் சரியாக இருக்கிறது. 12 மணிக்குச் சூரியன் உச்சிக்கு வரும் என்று நினைப்பதில்தான் கோளாறு.

இந்திய நேரம் கிழக்கு 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குப் போட்ட கணக்கு. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமும் ஆந்திராவில் காக்கிநாடா பக்கமும் போகிறது. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகும். பொள்ளாச்சியும் கோவையும் 77 டிகிரியை ஒட்டி இருக்கின்றன, அதாவது ஐந்தரை டிகிரி மேற்கே. அதனால் நம் ஊருக்குச் சூரியன் 22 நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். திருப்பூருக்கு 21 நிமிடம், ஈரோட்டுக்கு 19, கரூருக்கு 18, சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் 17.

இதற்கு மேல் இன்னொரு வித்தியாசமும் உண்டு. சூரியன் ஒரு உச்சியிலிருந்து மறு உச்சிக்கு வர எல்லா நாளும் சரியாக 24 மணி எடுத்துக்கொள்வதில்லை. சில மாதம் சில நொடி கூட, சில மாதம் சில நொடி குறைவு. அது சேர்ந்து சேர்ந்து பிப்ரவரி 11 வாக்கில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கி நிற்கும். நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடம் முந்தி நிற்கும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி மட்டும் வித்தியாசம் இருக்காது. ஆக பொள்ளாச்சி, கோவையில் உச்சிப்பொழுது பிப்ரவரி நடுவில் 12.36, நவம்பர் தொடக்கத்தில் 12.06, அந்த நான்கு நாட்களில் 12.22. நீங்கள் மாசியில் பார்த்த 12.35 கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது.

எலக்ட்ரீசியன் சொல்வதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் பேனலைத் தெற்குப் பார்த்து 11 டிகிரி சாய்த்து வைப்பார்கள். அது 10 டிகிரி மேற்கே திரும்பிவிட்டாலும் உச்சம் 7, 8 நிமிடம்தான் தள்ளிப்போகும். 36 நிமிடம் தள்ள வேண்டுமானால் தென்மேற்கையும் தாண்டித் திரும்பியிருக்க வேண்டும். அவ்வளவு கோணல் இருந்தால் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே தெரியும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. பேனல் சட்டத்தின் பக்கவாட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அன்றைய உச்சி நிமிடத்தில் நூலின் நிழல் விழும் கோடுதான் உண்மையான தெற்கு–வடக்கு. சட்டம் அதற்கு இணையாக இருந்தால் சரி. மாசியில் ஒரு நிமிடம் தவறினால் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை தவறும், பரவாயில்லை. சித்திரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்: சூரியன் நேர் தலைக்கு மேல் இருப்பதால் நிழலே கிடைக்காது, கிடைக்கிற துண்டு நிழலும் நிமிடத்துக்கு நிமிடம் திசை மாறும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சி நிழல் தெற்கே விழும் என்பதையும் மறக்க வேண்டாம். அதை வடக்கு என்று எண்ணிப் பேனலைத் திருப்பி மாட்டினால்தான் நிஜமான நட்டம்.

டிசம்பர் 22ல இருந்து பகல் நீளுதுன்னு படிச்சிருக்கறோம். ஆனா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறப்ப மார்கழியை விட லேட்டாத்தானுங்க விடியுது?
– தாராபுரம் வாசகர்

நீங்கள் கவனித்தது சரி. பகல் நீளத்தான் செய்கிறது, ஆனால் முதல் ஒரு மாதம் சாயங்காலப் பக்கம் மட்டும்.

கோவைக் கணக்கைச் சொல்கிறோம். தாராபுரத்துக்கு இரண்டு நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 22இல் உதயம் 6.36, அஸ்தமனம் 6.05. ஜனவரி கடைசி வாரத்தில் உதயம் 6.46, அஸ்தமனம் 6.24. பகல் 9 நிமிடம் நீண்டிருக்கிறது, ஆனால் விடியல் 10 நிமிடம் தள்ளிப் போயிருக்கிறது. டிசம்பர் பின்பாதியில் உச்சியிலிருந்து உச்சிக்கு 24 மணி நேரம் 30 நொடி ஆகிறது. நாளுக்கு அரை நிமிடம் வீதம் உச்சிப்பொழுது தள்ளிப்போக, உதயத்தையும் அஸ்தமனத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பகல் நீளும் வேகம் குறைவு. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் கோவையில் 77 நிமிடம்தான் வித்தியாசம். அதனால் இழுப்புதான் ஜெயிக்கிறது. இதே காரணத்தால் ஆண்டிலேயே மிகச் சீக்கிரம் பொழுது சாய்வதும் டிசம்பரில் இல்லை, நவம்பர் 20 வாக்கில், 5.56க்கு.

நடைக்குக் கிளம்புவோர் தை மாதம் டார்ச்சை 6.15 வரை கையில் வைத்திருப்பது நல்லது.

ஆனி மாசத்துக்கு 32 நாள், மார்கழிக்கு 29 நாள். யார் இப்படிப் பிரிச்சது?
– அவிநாசி வாசகி

யாரும் பிரிக்கவில்லை. ஆகஸ்ட்டுக்கு 31 என்று வைத்தது போல் வைத்த எண்ணிக்கை இல்லை இது. சூரியன் ஒரு ராசியை, அதாவது வட்டத்தில் 30 டிகிரியை, கடக்க ஆகும் காலமே ஒரு தமிழ் மாதம். பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம். ஜனவரி 3, 4 வாக்கில் சூரியனுக்கு மிக அருகே, 14.71 கோடி கிலோமீட்டரில் வருகிறது. அப்போது வேகம் நொடிக்கு 30.3 கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் 15.21 கோடி கிலோமீட்டருக்கு விலகுகிறது, வேகம் 29.3. ஆகவே மார்கழியில் 30 டிகிரியைக் கடக்க 29 நாளுக்குச் சற்று மேல் போதும். ஆனியில் 31 நாள் தாண்டி அரை நாளுக்கும் மேல் ஆகிறது. மிச்சக் கால் நாளும் அரை நாளும் சேர்வதைப் பொறுத்து ஆனி சில ஆண்டு 31, சில ஆண்டு 32 என்று வரும். சூரியன் ராசி மாறுவது அஸ்தமனத்துக்கு முன்பானால் அன்றே மாதப்பிறப்பு, பின்பானால் மறுநாள் என்பது தமிழ்நாட்டு வழக்கு.

மார்கழிக் குளிருக்குச் சூரியன் தூரமாகப் போனதுதான் காரணம் என்போருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அப்போதுதான் மிகக் கிட்டத்தில் இருக்கிறது.

இன்னொன்று: தை முதல் நாள் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் மாதங்கள் நட்சத்திரங்களை வைத்து எண்ணுபவை, ஆங்கில ஆண்டு பருவங்களை வைத்து எண்ணுவது. இரண்டுக்கும் ஆண்டுக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடைவெளி. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இப்போது அது 14, 15 என்று வருகிறது. (இந்த நகர்வில் ஒரு நாள், 1900 லீப் ஆண்டாக இல்லாததால் வந்தது.)

திங்கக்கிழமை ராகு காலம் 7.30–9ன்னு தினசரி காலண்டர்ல இருக்குது. எங்க வீட்டுப் பஞ்சாங்கக்காரர் 8.13ல இருந்து 9.40ங்கறார். எது சரிங்க?
– கோவை, சிங்காநல்லூர் வாசகர்

பலன் பற்றி இங்கே பேசவில்லை, கணக்கை மட்டும் பார்ப்போம். உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாவது பங்கு என்பது விதி. 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி, 7.30–9 வந்துவிடும். காலண்டர் அச்சடிப்பது இந்தச் சுருக்குவழியை.

ஆனால் கோவையில் 6–6 என்று ஒரு நாளும் அமைவதில்லை. உதயம் 6 மணியை ஒட்டி வருவதே வைகாசியிலும் ஆனி முதல் வாரத்திலும்தான். ஜனவரி கடைசியில் உதயம் 6.46, அஸ்தமனம் 6.24, பகல் 11 மணி 38 நிமிடம், எட்டில் ஒன்று 87 நிமிடம். 6.46உடன் 87 நிமிடம் கூட்டினால் 8.13, இன்னொரு 87 கூட்டினால் 9.40. உங்கள் பஞ்சாங்கக்காரர் ஊர்க் கணக்குப் போட்டிருக்கிறார். ஜூன் 21இல் அதே திங்கள் 7.37இலிருந்து 9.12 வரை ஆகும். எமகண்டம், குளிகை எல்லாவற்றுக்கும் இதே வகுத்தல்தான்.

எங்க அம்மாயி 1944 ஆவணியில பொறந்தவங்க. ஜாதகத்துல உதயாதி நாழிகை 10ன்னு இருக்குது. பக்கத்துலயே மணி 11.10ன்னும் எழுதியிருக்குது. ரெண்டும் ஒத்து வரலீங்களே?
– கரூர் வாசகி

இரண்டும் சரி. நாழிகை என்பது 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகைக்கு 60 விநாடி, ஆகவே பழைய விநாடி ஒன்று இன்றைய 24 நொடி. உதயாதி என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணியது. ஆவணித் தொடக்கத்தில் கரூரில் உதயம் 6.08. பத்து நாழிகை என்பது 4 மணி நேரம்; கூட்டினால் 10.08. எழுதியிருப்பதோ 11.10.

அந்த ஒரு மணி நேரம் யுத்தத்தால் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். வீட்டில் கடிகாரம் பார்த்துச் சொன்னவர் 11.10 என்றார், ஜாதகம் எழுதியவர் சூரியனைப் பார்த்து நாழிகை போட்டார். மிச்ச இரண்டு நிமிடம், நாழிகையை முழு எண்ணாக்கியதில் போனது.

இந்த மூன்றாண்டுக்குள் பிறந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஜாதகம் போடும்போது, மருத்துவமனைச் சீட்டில் உள்ள மணியை அப்படியே தட்டினால் லக்னமே மாறிப்போக வாய்ப்புண்டு. மென்பொருளில் போர்க்கால நேரம் என்று தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கையால் ஒரு மணி கழியுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடக் கூடாது. 1906 ஜனவரி 1க்கு முந்தைய காகிதம் என்றால் வேறு கணக்கு: அன்று நம் பக்கம் ரயில்வே பின்பற்றியது மெட்ராஸ் நேரம், இன்றைய நேரத்துக்கு 9 நிமிடம் பின்னால்.

தறிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் சித்திரை, வைகாசியில மட்டும் பின்னாடி போகுது. ஆபீஸ் ரூம்ல இருக்கற அதே கம்பெனிக் கடிகாரம் சரியா ஓடுது. வெயிலுக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தம் உண்டுங்களா?
– சோமனூர் வாசகர்

உண்டு. பேட்டரிக் கடிகாரத்துக்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதை 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி வெட்டியிருப்பார்கள். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் அதிர்வு குறையும். இரண்டு பக்கமும் மெதுவாகத்தான் ஓடும், வேகமாக ஓடாது. 40 டிகிரியில் மாதத்துக்கு சுமார் 20 நொடி பின்தங்கும். தகரக் கூரைக்குக் கீழே 45 டிகிரி நிலைத்து நின்றால் 35 நொடி. விலகலின் வர்க்கத்தில் ஏறுவதால் கடைசி ஐந்து டிகிரிதான் அதிகம் கெடுக்கிறது. ஊட்டிக் குளிரில் 10 டிகிரியில் தொங்கும் கடிகாரமும் அதே 20 நொடி பின்தங்கும்.

உங்கள் கடிகாரம் மாதம் அரை நிமிடம், முக்கால் நிமிடம் போகிறதென்றால் வெயில்தான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்றால் வெயில் மேல் பழி போடாதீர்கள். தறிக்கூடத்தில் முதல் சந்தேகம் பஞ்சு. முள் அச்சைச் சுற்றிப் பஞ்சு இழை சேர்ந்தால், கடிகார மெஷின் உதைக்கும் உதையில் சில முறை பல்சக்கரம் நகராமல் நின்றுவிடும். இரண்டாவது பேட்டரி. நொடிமுள் 9ஆம் எண் பக்கத்தில் நின்ற இடத்திலேயே துடிக்கிறதா என்று பாருங்கள். முள்ளை மேலே தூக்க அதிக பலம் வேண்டிய இடம் அது. பேட்டரி இறங்கும்போது அங்கேதான் தோற்கும். புதுப் பேட்டரி மல்டிமீட்டரில் 1.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 1.3க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஓடுகிறதே என்று விட்டால் ஒரு நாள் கசிந்து தகட்டைப் பச்சை பிடிக்க வைக்கும்.

எது என்று பிரித்தறிய, ஒரு வாரம் தினமும் காலையில் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். நாளுக்கு நாள் ஒரே சீராகக் கூடினால் படிகம். ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் 40 நொடி என்று தாவினால் பஞ்சோ பேட்டரியோ. செல்போனில் ‘தானியங்கி நேரம்’ போட்டிருக்க வேண்டும், அது முக்கியம். படிகக் கோளாறுக்குச் செலவு வேண்டாம்: கடிகாரத்தைக் கூரையிலிருந்து இறக்கி, ஆள் உயரத்தில், வெளியே வெயில் படாத சுவரின் உள்பக்கம் மாட்டுங்கள். மெஷினே போய்விட்டால் முழு மெஷின் தனியாகக் கிடைக்கும்; பழையதைக் கையோடு எடுத்துப் போய் நடு அச்சின் நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். அச்சு குட்டையானால் டயல் தகட்டுக்கு மேலே மரை எட்டாது, நீளமானால் முள் கண்ணாடியில் உரசும்.

நிழல் இல்லாத நாளைப் பசங்களுக்குக் காட்டோணும். எங்க ஊருக்கு எப்போ, எப்படி?
– கோபிச்செட்டிபாளையம் ஆசிரியை

ஆண்டுக்கு இருமுறை. பொள்ளாச்சிக்கு ஏப்ரல் 17, 18. கோவைக்கும் திருப்பூருக்கும் 18, 19. ஈரோட்டுக்கும் கோபிக்கும் 19, 20. சேலத்துக்கு 20, 21. திரும்பவும் ஆகஸ்ட் 22இலிருந்து 25க்குள், இந்த முறை சேலத்தில் தொடங்கிப் பொள்ளாச்சியில் முடியும். ஆகஸ்டில் மேகம் ஏமாற்றும், ஏப்ரலையே நம்புங்கள். கோபியில் ஏப்ரலில் 12.19க்கு, ஆகஸ்டில் 12.23க்கு.

ஒரு மீட்டர் பி.வி.சி. குழாயைச் சமதளத்தில் நிறுத்தி, தூக்குநூல் பிடித்து இரு பக்கமும் செங்குத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள்; ஒரு டிகிரி சாய்ந்தாலே 17 மில்லிமீட்டர் நிழல் விழும். சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் நிழலின் ஓரம் 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கலாகத்தான் தெரியும். முந்தின நாளும் மறுநாளும் கூட நிழல் இல்லாதது போலவே இருக்கும். மூன்று நாளும் ஒரே நிமிடத்தில் பார்த்து, நிழல் வடக்கிலிருந்து தெற்குக்கு மாறுவதைக் குறிக்கச் சொல்லுங்கள், பாடம் அதில் இருக்கிறது.

கடிகாரத்தில் ஒரு நொடி சேர்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். பூமி ஆண்டுக்கு ஒரு நொடி மெதுவாகிறதா?
– பெருந்துறை கல்லூரி மாணவர்

அப்படிப் புரிந்துகொள்பவர்கள் அதிகம். அணுக் கடிகாரத்தின் நொடி, 19ஆம் நூற்றாண்டு நாளின் நீளத்தை ஒட்டி அமைந்தது. அதன்பின் நாள் ஓரிரு மில்லி செகண்ட் நீண்டுவிட்டது. நாளுக்கு 2 மில்லி செகண்ட் என்றால் 500 நாளில் ஒரு நொடி சேரும். அதை ஈடுகட்டச் சேர்ப்பதுதான் லீப் நொடி. 1972 முதல் 27 முறை சேர்த்திருக்கிறார்கள். கடைசியாக 2016 டிசம்பர் 31 முடிவில், நம் நேரப்படி 2017 ஜனவரி 1 காலை 5.29க்குப் பிறகு 60ஆம் நொடி என்று ஒன்று வந்து, அப்புறம் 5.30 ஆனது.

மெதுவாவதற்கு முக்கியக் காரணம் நிலா. கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கி பூமியின் சுழற்சிக்குப் பிரேக் போடுகிறது. அந்தச் சுழற்சியை வாங்கிக்கொண்டு தானும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. அப்பல்லோ 11, 14, 15 பயணங்களில் அங்கே வைத்த எதிரொளிப்பான்கள் மேல் லேசர் அடித்து அளந்தது இது. சுமார் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய பவளப் படிவங்களில் ஓராண்டு வளர்ச்சிக்குள் 400 நாள் வரிகள் இருக்கின்றன. அன்று நாள் 22 மணி நேரம்.

வேடிக்கை என்னவென்றால் சமீபத்தில் பூமி சற்று முடுக்கிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலை 5 வழக்கத்தைவிட 1.66 மில்லி செகண்ட் குறைந்த நாள். இது உள்மையக் குழம்பின் ஓட்டம் போன்றவற்றால் வரும் ஏற்ற இறக்கம், நிலா பிரேக்கை எடுத்துவிடவில்லை. லீப் நொடி கம்ப்யூட்டர்களைப் படுத்துவதால் 2035க்குள் இந்த முறையைத் தளர்த்த 2022இல் சர்வதேச எடை அளவை மாநாடு முடிவெடுத்தது.

காலண்டரில் சந்திரோதயம் என்ற கட்டத்தில் மாதம் ஒரு நாள் வெறும் கோடு போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?
– காங்கேயம் வாசகர்

இல்லை. நிலா நாளுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரத்தில் உதிப்பது, தேய்பிறை அட்டமி வாக்கில் நள்ளிரவுக்குப் போய்விடும். ஒரு நாள் இரவு 11.40க்கு உதித்தால் அடுத்த உதயம் மறுநாள் இரவு 12ஐத் தாண்டி 12.30க்கு, கடிகாரக் கணக்கில் அது மூன்றாவது நாள். நடுவில் மாட்டிய தேதிக்கு உதயமே கிடையாது. அஸ்தமனக் கட்டத்திலும் வளர்பிறை அட்டமியை ஒட்டி இப்படி ஒரு கோடு வரும், பாருங்கள்.

மூன்றாம் பிறை சில மாதம் படகு மாதிரி படுத்திருக்கிறது, சில மாதம் ஒரு கொம்பு தூக்கி நிற்கிறது. மழைக்கு அறிகுறி என்கிறார்களே?
– உடுமலை வாசகர்

பிறையின் வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்திருக்கும். மாசி, பங்குனியில் மறைந்த சூரியனுக்கு ஏறக்குறைய நேர் மேலே நிலா நிற்பதால் படகு போல் தெரியும். ஆவணி, புரட்டாசியில் நிலா தெற்கே சாய்ந்து நிற்பதால் வடக்குக் கொம்பு உயரும். ஒவ்வோர் ஆண்டும் இதே மாதங்களில் இதே சாய்வுதான், மழை பெய்தாலும் பொய்த்தாலும். நிலாவின் பாதை 5 டிகிரி மேலும் கீழும் ஆடுவதால் ஆண்டுக்கு ஆண்டு சாய்வில் சிறு மாற்றம் இருக்கும்.